கேக் பிழைத்தால் முதலில் கப்பைப் பாருங்கள்

நவம்பர் கடைசியில் தொடங்கி ஜனவரி முதல் வாரம் வரை என் போன் ஓயாது. வெள்ளவத்தையிலிருந்து, கொட்டாஞ்சேனையிலிருந்து, தெஹிவளையிலிருந்து யாராவது ஒரு கேக்கின் படத்தை அனுப்பி, "அக்கா, இது ஏன் இப்பிடிப் போச்சு?" என்று கேட்பார்கள். எல்லோரும் குறை சொல்வது ஓவனைத்தான். நான் போய்ப் பார்த்தவற்றில் ஓவன் பிழை விட்டது மிகக் குறைவு. சாமான் அளந்த இடத்திலேயே கேக் பிழைத்திருக்கும்.

நம் வீடுகளில் இது திரும்பத் திரும்ப நடப்பதற்குக் காரணம் உண்டு. லண்டன் மாமி அவுன்ஸில் சொல்வார். டொரொன்டோ மச்சாள் கப்பில் அனுப்புவாள். மெல்பேர்ன் சித்தியின் மேசைக்கரண்டி நம்முடையதைவிடப் பெரியது. அம்மம்மாவின் கொப்பியில் றாத்தலும் சுண்டும் இருக்கும். நான்கும் கொழும்பில் ஒரே சமையலறைக்குள் வந்து சேர்கின்றன. அளப்பதற்கு அங்கே இருப்பது ஒரு தேநீர்க் கோப்பை.

உங்கள் கேக் எப்படி வந்தது என்று பார்த்து, அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். செலவில்லாத காரணங்களை முதலில் எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னால் எல்லோரும் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது.

எந்தக் கேக் என்றாலும்: ஒரு போத்தல் தண்ணீர்ச் சோதனை

மூடி திறக்காத 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எடுங்கள். நீங்கள் "கப்" என்று பயன்படுத்துவதை விளிம்பு வரை நிரப்பி ஒரு பாத்திரத்தில் ஊற்றுங்கள். போத்தல் முடியும் வரை எண்ணுங்கள்.

சரியாக இரண்டு தடவை வந்தால் உங்கள் கப் 250 மில்லி, அதாவது மெற்றிக் கப். இரண்டு தடவை நிரம்பி அடியில் ஒன்றரை மேசைக்கரண்டி அளவு மிஞ்சினால் அது 240 மில்லி, அமெரிக்க அளவு. மூன்றாவது தடவை முக்கால் பங்குக்கு மேல் நிரம்பினால் அது பெரும்பாலும் ரைஸ் குக்கரோடு வந்த பிளாஸ்ரிக் கப். அது 180 மில்லிதான். சோறு சமைக்க அது சரியான அளவு, கேக் குறிப்பில் சொல்லும் கப்புக்கோ அது முக்கால்வாசி மட்டும். இரண்டாவது தடவையே நிரம்பாமல் முக்காலில் நின்றால் பழைய பிரித்தானியக் கப், 284 மில்லி.

240க்கும் 250க்கும் உள்ள வித்தியாசத்துக்காகக் கவலைப்பட வேண்டாம். நூற்றுக்கு நான்கு பங்குதான், எந்தக் கேக்கும் அதைத் தாங்கும். 180 மில்லி கப்பால் மாவை அளந்துவிட்டு, பட்டரைப் பக்கற்றிலிருந்து கிராமாகப் போட்டால்தான் சிக்கல். எல்லாவற்றையும் ஒரே கப்பால் அளந்திருந்தால் கேக் சிறிதாக வரும், அவ்வளவுதான். ஆனால் முட்டை கப்புக்கு ஏற்றபடி சுருங்காது, அதையும் நினைவில் வையுங்கள்.

சுண்டையும் இப்படியே சோதிக்கலாம். ரின்பால் பேணியையே சுண்டாகப் பாவித்த வீடு என்றால் தண்ணீர் ஏறக்குறைய 300 மில்லி பிடிக்கும். ரின்பால் தண்ணீரைவிடப் பாரமானது. அதனால்தான் 397 கிராம் என்று எழுதிய பேணிக்குள் 397 மில்லி தண்ணீர் போகாது. அம்மம்மாவின் கொப்பியில் "3 சுண்டு மா" என்று இருந்தால் அதை மூன்று கப் என்று எடுத்துவிடாதீர்கள், அது நான்கு கப்புக்குக் கிட்ட வரும்.

கேக் காய்ந்து உதிர்கிறது, மேல்பக்கம் வெடித்து மலை மாதிரி எழும்பியிருக்கிறது

மா கூடிவிட்டது. கிட்டத்தட்ட எப்போதும் இதுதான்.

முதல் காரணம் கை. கப்பை மா டின்னுக்குள் விட்டு அள்ளி, டின்னின் ஓரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, மேலே வழித்துவிடுவது நம் பழக்கம். அரிசி அளந்து வந்த கை அது. 240 மில்லி கப்பில் மாவைக் கரண்டியால் மெதுவாகப் போட்டு வழித்தால் 120 முதல் 125 கிராம் வரும். அதே கப்பை விட்டு அள்ளினால் 140, 150 வரும், தட்டி அமுக்கினால் இன்னும் ஏறும். மூன்று கப் மாவுள்ள கேக்கில் 75 கிராம் கூடிப்போகிறது. அரைக் கப்புக்கு மேல் மாவை நீங்கள் அறியாமலே போட்டுவிட்டீர்கள்.

தராசு இல்லாமலே இதைச் சோதிக்கலாம். உங்கள் வழக்கப்படி ஒரு கப் மா அள்ளுங்கள். அதை அரிதட்டில் கொட்டி, ஒரு தாளில் தளர்வாக விழ விடுங்கள். இப்போது அந்த மாவைக் கரண்டியால் மெதுவாக அதே கப்பில் போட்டு, கத்தியின் முதுகால் வழியுங்கள். தாளில் மிஞ்சிக் கிடப்பதுதான் உங்கள் கேக்கைக் காய வைத்த மா. இதை ஒருமுறை கண்ணால் பார்த்தவர்கள் பிறகு கப்பை டின்னுக்குள் விடுவதில்லை.

ஆளைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டிய காரணம் ஒன்றும் உண்டு. "சலித்த மா 2 கப்" என்றால் முதலில் சலித்து, பிறகு அளப்பது. "மா 2 கப், சலித்தது" என்றால் அளந்துவிட்டுச் சலிப்பது. முதலாவது வழியில் கப் ஒன்று 110 கிராம் அளவில் நிற்கும். போனில் கேட்டு எழுதும்போது இந்த வரிசை தொலைந்துவிடும். யார் குறிப்புத் தந்தாரோ அவரிடமே கேளுங்கள், ஊகிக்க வேண்டாம்.

அடுத்தது போன் கணக்கு. 250 மில்லியைக் கிராமாக மாற்றச் சொன்னால் சில கணிப்பான்கள் 250 கிராம் என்று காட்டிவிடும். அது தண்ணீருக்குச் சரி. மாவுக்கு அதை நம்பினால் இரண்டு மடங்கு மா போகும். கேக் உதிர்வதோடு நிற்காது, கரண்டியே கலவைக்குள் அசையாது. கலவை அப்படி இறுகினால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். பாலை ஊற்றிச் சமாளிக்கப் போய் மிச்சச் சாமானையும் வீணாக்க வேண்டாம். கூடிய மாவுக்கு ஏற்றபடி பட்டர், சீனி, முட்டை எல்லாவற்றையும் இரட்டித்து இரண்டு கேக்காக ஊற்றுங்கள்.

இவையெல்லாம் சரி என்றால் முட்டையை நிறுங்கள். வெளிநாட்டுக் குறிப்பில் "பெரிய முட்டை" என்பது ஓடு நீக்கிய பிறகு 50 கிராம் அளவு. நம் கடையில் வாங்கும் முட்டை சில வாரங்களில் ஓட்டோடு சேர்த்தே 50 கிராம்தான் இருக்கும். ஓட்டைக் கழித்தால் 44 போல் மிஞ்சும். நான்கு முட்டைக்கு இருபத்தைந்து கிராம் ஈரம் குறைகிறது. இன்னொரு முட்டையை அடித்து, குறைந்த அளவை மட்டும் ஊற்றினால் போதும்.

இவ்வளவும் பார்த்த பிறகு ஓவனைச் சந்தேகப்படுங்கள். அதற்கான சோதனை கடைசியில் இருக்கிறது.

காய்ந்துபோன கேக்கை எறியத் தேவையில்லை. 100 கிராம் சீனியை 100 கிராம் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க விட்டு, ஆறவைத்து, கேக்கில் குச்சியால் குத்தி மெதுவாக ஊற்றுங்கள். அடுத்த நாள் பிள்ளைகள் சாப்பிடுவார்கள்.

நடு இறங்கிவிட்டது, அடியில் எண்ணெய் கசிகிறது

இந்தப் பிழையைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பட்டர் கேக் செய்யும் யாரைக் கேட்டாலும், "எல்லாம் சம அளவு பிள்ளை, அவ்வளவுதான்" என்பார்கள். உண்மைதான். அவர்கள் சொல்வது சம எடை. ஒரு றாத்தல் பட்டர், ஒரு றாத்தல் சீனி, ஒரு றாத்தல் மா என்று பழகிய கை அது. கேட்கிற பிள்ளை அதைச் சம கப் என்று எடுத்துக்கொள்ளும்.

ஒரு கப் பட்டர் 227 கிராம். ஒரு கப் சீனி 200. ஒரு கப் மா 120 அல்லது 125. மூன்றையும் ஒவ்வொரு கப் போட்டால், பட்டருக்குச் சமமாக இருக்க வேண்டிய மா பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும். அந்தப் பட்டரைத் தாங்க உள்ளே ஆள் இல்லை. ஓவனில் எழும்பும், வெளியே எடுத்ததும் நடு விழும், கசிந்த பட்டர் அடித்தாளில் நிற்கும். சம எடை வேண்டுமென்றால் ஒரு கப் பட்டருக்கு ஒரு கப்போடு இரண்டு மேசைக்கரண்டி சீனி, ஒன்றே முக்கால் கப்புக்குச் சற்று மேல் மா, நடுத்தர முட்டை ஐந்து. இதை எழுதி ஒட்டி வையுங்கள்.

லண்டன் மாமியின் அவுன்ஸும் இதே பிழையை வேறு வழியால் கொண்டுவரும். அவர் "8 அவுன்ஸ் மா" என்றால் எடை, 227 கிராம். நம் வீட்டு ஜக்கில் அவுன்ஸ் கோடு இருக்கும். அந்தக் கோடு தண்ணீருக்கு, அது திரவ அவுன்ஸ். 8 என்ற கோடு வரை மாவைக் கொட்டினால் 120 கிராம் போலத்தான் இருக்கும், கிட்டத்தட்டப் பாதி. பால், தண்ணீர் என்றால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வந்துவிடுவதால் பிழை வெளியே தெரியாமல் வருடக்கணக்காக இருந்துவிடும். மா, சீனி, ரவை, கொக்கோ, கஜு எதையும் அவுன்ஸ் கோட்டை நம்பி ஜக்கில் அளக்காதீர்கள்.

அடுத்து, பட்டர் பக்கற்றைத் திருப்பிப் பாருங்கள். 227 கிராம் பக்கற் அரை றாத்தல். 200 கிராம் பக்கற்றும் கடையில் அதே தட்டில் இருக்கும். "ஒரு பக்கற் பட்டர்" என்று கொப்பியில் எழுதிய காலத்துப் பக்கற் எது என்று அம்மாவைக் கேளுங்கள். றாத்தல் 454 கிராம். பாண் கடையில் நாம் இன்றும் "ஒரு றாத்தல் பாண்" என்றுதான் கேட்கிறோம். 2024இல் வர்த்தமானியில் அறிவித்த நிறை 450 கிராம். பாணில் நான்கு கிராம் ஒன்றும் செய்யாது. பட்டரில் இருபத்தேழு கிராம் செய்யும்.

தராசு இல்லாமல் பட்டரை அளக்க நல்ல வழி தண்ணீர்தான். அரைக் கப் பட்டர் தேவையென்றால் கோடு போட்ட ஜக்கில் அரைக் கப் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, அது ஒரு கப் கோட்டுக்கு ஏறும் வரை பட்டர்த் துண்டுகளைப் போடுங்கள். பட்டர் மிதந்தால் கரண்டியால் தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்துக் கோட்டைப் பாருங்கள். பிறகு தண்ணீரை வடித்துவிட்டு எடுங்கள். இளகிய பட்டரைக் கப்பில் அமுக்கி நிரப்பினால் இடையில் காற்றுத் தங்கும், அளவு குறையும்.

எல்லா அளவும் சரியாக இருந்தும் எண்ணெய் கசிந்தால், அது நம் ஊர்ச் சூடு. குறிப்பில் "அறை வெப்பப் பட்டர்" என்று எழுதுபவரின் அறை 20 பாகை. பகல் ஒரு மணிக்கு வெள்ளவத்தைச் சமையலறை 30ஐத் தாண்டும். பட்டர் பளபளத்து உருகும் நிலைக்குப் போனால் சீனியோடு அடிக்கும்போது காற்றைப் பிடிக்காது. விரல் வைத்தால் பள்ளம் விழ வேண்டும், விரல் உள்ளே வழுக்கிப் போகக் கூடாது. போய்விட்டால் பத்து நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

நடு இறங்கியது, எண்ணெய் இல்லை, மேலே சீனி மாதிரி மினுங்கும் மெல்லிய ஓடு

சீனி கூடியிருக்கலாம், பேக்கிங் பவுடர் கூடியிருக்கலாம். ஓட்டைக் கிள்ளி வாயில் போடுங்கள். கடினமாக, மிட்டாய் போல நொறுங்கினால் சீனி. ஓடு மெல்லியதாக இருந்து, உள்ளே பெரிய பெரிய துளைகளும் நாக்கில் ஒரு கூர்ப்பும் இருந்தால் பேக்கிங் பவுடர்.

சீனியில் குழப்பம் வருவது இடிப்பதால். பெரிய பரல் சீனி பட்டரில் கரையாது என்று கிரைண்டரில் அடிக்கிறோம். நல்ல வேலை, ஆனால் அளந்துவிட்டு அடியுங்கள். 200 கிராம் சீனி பரலாக ஒரு கப், மாவாக அடித்தால் ஒன்றரைக் கப்புக்கும் மேல் வரும். குறிப்பில் "1 கப் ஐசிங் சீனி" என்றிருக்க, பரல் சீனி ஒரு கப் அளந்து அதை அடித்துப் போட்டால், 115 கிராம் போக வேண்டிய இடத்தில் 200 போகிறது. மறுபக்கம், "1 கப் சீனி" என்றதற்கு அடித்த தூளை ஒரு கப் அளந்தால் சீனி குறைந்து கேக் வெளிறி, இறுகி வரும்.

பழுப்புச் சீனிக்குக் குறிப்பு "அமுக்கி" என்று சொன்னால் அமுக்கித்தான் அளக்க வேண்டும், ஒரு கப் 213 முதல் 220 கிராம். சொல்லாவிட்டாலும் அமெரிக்கக் குறிப்பு என்றால் அமுக்கியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பேக்கிங் பவுடர் ஒரு கப் மாவுக்கு ஒன்று முதல் ஒன்றேகால் தேக்கரண்டி. குறிப்பில் இருக்கும் அளவு இதைவிட நன்றாகக் கூடியிருந்தால் குறிப்பைச் சந்தேகப்படுங்கள். செல்ப் ரெய்சிங் மா வாங்கியிருந்தால் அதற்குள்ளேயே பேக்கிங் பவுடர் இருக்கிறது. பக்கற்றை டின்னில் கொட்டிவிட்டு உறையை எறிந்த வீடுகளில் இது நடக்கிறது. டின்னில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

சவர்க்கார வாடை, கசப்பு, அல்லது கேக் மஞ்சள் திட்டுத் திட்டாக இருக்கிறது

அப்பச்சோடா. இதில் கப்பைப் பார்க்க வேண்டாம், கரண்டியைப் பாருங்கள்.

கொப்பிகளில் நாம் "தே.க." என்றும் "மே.க." என்றும் சுருக்கி எழுதுகிறோம். எண்ணெய் பட்ட பழைய தாளில் தேயும் மேயும் ஒன்று போலத் தெரியும். தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15. மூன்று மடங்கு. சோடா ஒரு கப் மாவுக்குக் கால் தேக்கரண்டி போதும். ஒரு சாதாரணக் கேக்கில் சோடாவுக்கு மேசைக்கரண்டி என்று எழுதியிருந்தால் அது எழுத்துப் பிழை. உங்கள் கொப்பியில் இன்றே சுருக்கங்களை விரித்து எழுதுங்கள், பிள்ளைகளின் கைக்குப் போகப்போகிற கொப்பி அது.

மெல்பேர்ன் சித்தியின் மேசைக்கரண்டி 20 மில்லி. அவுஸ்திரேலியாவில் விற்கும் அளவுக் கரண்டி அப்படித்தான். அவர் பேக்கிங் பவுடர் ஒரு மேசைக்கரண்டி என்றால் நம் கணக்கில் நான்கு தேக்கரண்டி.

அடுத்தது, தேநீர் கலக்கும் கரண்டி. அது கரண்டிக்குக் கரண்டி மாறும். பாமசியில் 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். ஊசி வேண்டாம். தண்ணீர் எடுத்து உங்கள் கரண்டியில் விட்டுப் பாருங்கள். விளிம்பு வரை 5 மில்லி பிடித்தால் அதை அளவுக் கரண்டியாக வைத்துக்கொள்ளலாம். 7 பிடித்தால் அதைத் தேநீருக்கே விட்டுவிடுங்கள். குவித்து அள்ளுவது இன்னொரு பழக்கம். குவித்த கரண்டி வழித்த கரண்டியின் இரண்டு மடங்குக்குக் கிட்டப் போகலாம். சோடா, பேக்கிங் பவுடர், உப்பு, ஈஸ்ட் நான்கையும் எப்போதும் வழித்தே அளவுங்கள்.

உப்பில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்கக் குறிப்பில் "கோஷர் உப்பு" என்று வந்தால் அது பெரிய பரல். நம் தூள் உப்பு ஒரு தேக்கரண்டி 6 கிராம், அந்த உப்பில் ஒரு வகை 3 கிராம்தான். பாதியில் தொடங்குங்கள்.

திட்டுத் திட்டாக இருந்தால் அளவு சரி, சோடா கட்டியாக இருந்திருக்கிறது. கடற்கரைப் பக்க வீடுகளில் சோடாவும் ஐசிங் சீனியும் கட்டி பிடிக்காமல் இருப்பது அபூர்வம். மாவோடு சேர்த்துச் சலித்தால் தீரும்.

லவ் கேக் நடு வேகாமல் களி மாதிரி நிற்கிறது, அல்லது கல்லாகிவிட்டது

லவ் கேக்கைக் கப்பில் செய்யாதீர்கள் என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன். ரவை, கஜு, சீனி, தேன், முட்டை என்று ஒவ்வொன்றும் கப்பில் வேறு வேறு எடை காட்டும் சாமான்கள். கஜு விற்கிற விலைக்கு ஊகம் கட்டுப்படியாகாது.

கப்தான் இருக்கிறது என்றால், ரவை 250 கிராம் ஒன்றரைக் கப். இதைத் தண்ணீர்க் கணக்கில் ஒரு கப் என்று எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு ரவை குறைந்து, நடு களியாகும். ரவையை வறுத்து, சூடு ஆறவிட்டு அளவுங்கள்.

கஜுவை அரிந்த பிறகு அளப்பதா, அரிய முன்பா? குறிப்பில் கிராம் இருந்தால் இந்தக் கேள்வியே எழாது. "ஒரு கப் அரிந்த கஜு" 115 முதல் 120 கிராம், முழுக் கஜு அதைவிடச் சற்றுக் கூட, தூளாக அரைத்து அமுக்கினால் எங்கேயோ போய்விடும். கஜு மிகப் பொடியாகி ரவையோடு சேர்ந்து ஈரத்தை இழுத்தால் கேக் கல்லாகும்.

தேனும் கித்துள் பாணியும் தண்ணீரைவிடப் பாரம். ஒரு கப் தேன் 340 கிராம். "100 கிராம் தேன்" என்றதற்கு ஜக்கில் 100 மில்லி கோடு வரை ஊற்றினால் 140 கிராம் போய்விடும். களி நடுவுக்கு இதுவும் காரணம்.

முட்டை மஞ்சள் கருவை எண்ணிப் போடுவது வழக்கம், பன்னிரண்டு, பதினைந்து என்று. சின்ன முட்டையில் மஞ்சள் கருவும் சின்னது. ஒருமுறை நன்றாக வந்த கேக்கின் மஞ்சள் கருக்களை நிறுத்து, எண்ணுக்குப் பக்கத்தில் கிராமை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கிறிஸ்மஸுக்கு முட்டை எந்த அளவில் வந்தாலும் கேக் மாறாது.

பணிஸ் மா கையில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது

500 கிராம் மாவுக்கு 300 முதல் 325 கிராம் தண்ணீர். மாவைக் கப்பிலும் தண்ணீரை ஜக்கிலும் அளந்திருந்தால் இரண்டையும் நிறுத்துப் பாருங்கள். ஈரமான நாட்களில் மா ஏற்கெனவே கொஞ்சம் ஈரம் குடித்திருக்கும், இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரைக் கடைசி வரை தனியே வைத்திருங்கள். ஈஸ்ட் 7 கிராம் பக்கற் என்றால் இரண்டேகால் தேக்கரண்டி.

தராசு வாங்கிவிட்டேன், இன்னமும் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி வருகிறது

முதலில் அலகுப் பொத்தானைப் பாருங்கள். சின்ன டிஜிற்றல் தராசுகளில் ஒரே பொத்தான் கிராம், அவுன்ஸ், மில்லி என்று மாறி மாறிப் போகும், துடைக்கும்போது கை பட்டே மாறிவிடும். மில்லி என்று காட்டினால் அது தண்ணீருக்கான கணக்கு, எண்ணெயையும் தேனையும் அதில் அளக்க முடியாது.

பிறகு மேலே சுற்றும் விசிறி. இலக்கம் ஓயாமல் ஆடினால் விசிறியை நிறுத்திப் பாருங்கள். அகலமான பாத்திரத்தில் காற்று அழுத்துவது கிராமில் தெரியும். தராசுக்கு அடியில் துணியோ பிளாஸ்ரிக் விரிப்போ இருந்தால் எடுத்துவிட்டு, சமமான கல் மேடையில் வையுங்கள்.

பற்றரி இறங்கினாலும் இலக்கம் நகரும். புதியதை மாற்றிவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: வெறும் பாத்திரத்தை வைத்துப் பூச்சியம் ஆக்கி, மூடி திறக்காத ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை முழுவதும் ஊற்றுங்கள். 1000 கிராமுக்கு மிக அருகில் காட்ட வேண்டும். பத்து கிராம் முன்பின் என்றால் வைத்துக்கொள்ளலாம். ஐம்பது வித்தியாசம் என்றால் இன்னொரு போத்தலாலும் பார்த்து, அதுவும் அப்படியே என்றால் மாற்றுங்கள்.

நல்ல தராசுக்கும் ஒரு பலவீனம் உண்டு. இரண்டு கிலோ கலவை இருக்கும் பாத்திரத்தில் சோடாவைத் துளித் துளியாகத் தூவினால் இலக்கம் அசையாது, பலருக்கு அங்கேதான் சோடா கூடிப்போகிறது. சின்னச் சாமான்களைக் கரண்டியால் தனியே அளந்து போடுங்கள். மற்றதெல்லாம் கிராம். என் வீட்டு முறை இதுதான்.

அலமாரிக் கதவில் ஒட்ட ஒரு தாள்

240 மில்லி கப், வழித்தது:
கோதுமை மா 120–125 கிராம்
சீனி 200
பழுப்புச் சீனி, அமுக்கியது 213–220
ஐசிங் சீனி 115–120
பட்டர் 227 (ஒரு மேசைக்கரண்டி 14)
எண்ணெய் 218
பால் 245
ரின்பால் 305
தேன் 340
ரவை 165–170
கொக்கோ 85
1 அவுன்ஸ் 28 கிராம், 1 றாத்தல் 454

250 மில்லி கப் என்றால் நூறுக்கு நான்கு கூட்டுங்கள். இது தொடக்கத் தாள்தான். உங்கள் கையால் அள்ளி, உங்கள் தராசில் மூன்று தடவை நிறுத்து, வரும் எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள். அதற்குப் பிறகு அந்த எண்தான் உங்கள் வீட்டுக்குச் சரி.

எப்போது ஆளைக் கூப்பிடுவது

எல்லாவற்றையும் நிறுத்துப் போட்டும் இரண்டு கேக் ஒரே மாதிரிப் பிழைத்தால் ஓவனைச் சோதிக்க வேண்டிய நேரம். முதலில் குறிப்பில் இருப்பது பரனைட்டா என்று பாருங்கள். 350 பாகை பரனைட் என்பது 177 சென்ரிகிரேட், 180 என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு, அலுமினியத் தாளில் ஒரு தேக்கரண்டி சீனியை வைத்து, 175இல் நன்றாகச் சூடேறிய ஓவனில் பதினைந்து நிமிடம் விடுங்கள். பரல் பரலாக இருக்க வேண்டும். புதிய சீனியோடு 190இல் இன்னொரு பதினைந்து நிமிடம். இப்போது உருக வேண்டும். சீனி உருகுவது 186 பாகையளவில். 175இலேயே உருகினால் ஓவன் கூடச் சூடாகிறது, 190இலும் உருகாவிட்டால் சூடு போதவில்லை. பத்துப் பாகை வித்தியாசத்தைத் திருகியில் கூட்டியோ குறைத்தோ நீங்களே சமாளிக்கலாம். அதற்கு மேல் என்றால், அல்லது ஒரு நாள் ஒரு மாதிரி என்று மாறினால், தேர்மோஸ்ராட்டைப் பார்க்க ஓவன் திருத்துபவரைக் கூப்பிடுங்கள்.

ஓவன் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுந்தாலோ, கைபிடியில் மின் கடித்தாலோ எந்தச் சோதனையும் வேண்டாம். பிளக்கைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். காஸ் ஓவனில் வாசம் வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல், ஜன்னல்களைத் திறந்து, சிலிண்டரை மூடிவிட்டு வெளியே வந்து பிறகு போன் எடுங்கள்.

வீட்டிலிருந்து கேக் செய்து கிலோக் கணக்கில் விற்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. வியாபாரத்துக்கு நிறுக்கும் தராசு, 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தால் சரிபார்த்து முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். மா அளக்கும் சின்னத் தராசை அதற்குப் பயன்படுத்தாதீர்கள். புறக்கோட்டையில் தராசு விற்கும் கடையில் வாங்கும்போதே முத்திரை இருக்கிறதா என்று கேட்டு, அதைக் காட்டச் சொல்லி, பிறகு காசைக் கொடுங்கள்.